விரிப்பின் மறுமுனை

லிஃப்ட்காரர் தன் மகளைத் துணியறைக்குக் கூட்டிவந்தபோது மணி நாலேகால். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பள்ளிப்பையிலிருந்து தண்ணீர் சொட்டி, நான் அப்போதுதான் துடைத்திருந்த தரையில் சின்னதாய் ஒரு வட்டம் கட்டியது.

"ஏழு மணிக்கு என் ஷிஃப்ட் முடியுதுக்கா. அதுவரைக்கும் ஒரு ஓரமா இருக்கட்டும். தொந்தரவு பண்ண மாட்டா. வாயத் தொறந்து பேசினாத்தானே தொந்தரவு" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இதுக்கெல்லாம் அனுமதி கேட்டுக்கிட்டு நிக்கணுமா? அவ அம்மா இருந்த இடம் இது" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் அம்மா என்னோடு பதினோரு வருஷம் அந்த அறையில் விரிப்பு மடித்தவள். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலாவது மாடி வார்டுக்குப் புருஷன்தான் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனார். மூன்றாவது வாரம் அதே லிஃப்டில், அவரே பொத்தானை அழுத்திக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்.

பிள்ளைக்கு ஒன்பது வயது. 'மிளகு' என்று கூப்பிடுவாள் அம்மா. உருவம் அத்தனைதான், காரம் அவ்வளவு என்பாள். இப்போது அந்தக் காரம் எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளே வந்தவள் கிழிந்த துணி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் துணியறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தது. பாதி மண்ணுக்கு மேலே, பாதி கீழே. கூரையை ஒட்டிய சிறு ஜன்னலில் போகிறவர் வருகிறவர் செருப்புகள் மட்டும் தெரியும். சோடா உப்பு வாடையும் இஸ்திரிச் சூடும் எப்போதும் இருக்கும். அடுத்த அறை சலவைக்கூடம். அங்கே பாய்லரை ஓட்டுகிறவனை எல்லோரும் 'நீராவி' என்போம். அவன் பேசினாலும் பெருமூச்சு விட்டாலும் ஒரே சத்தம்தான்.

துணியறையின் பின்பக்கம் ஒரு நீண்ட இடைவழி உண்டு. பழைய கட்டடத்தோடு சேர்ந்தது. கதவு கிடையாது, விளக்கும் கிடையாது. நான் வேலைக்குச் சேரும் முன்பே அந்தப் பக்கத்து வார்டுகளைக் காலி செய்துவிட்டார்கள். அதன் வாயில் நாங்கள் கிழிந்த விரிப்புகளை மூட்டை கட்டிப் போட்டு வைப்போம். யாரும் உள்ளே போனதில்லை. போக வேலையும் இல்லை.

அந்த மூட்டைமேல்தான் அவள் தினமும் உட்கார்ந்தாள், எனக்கு முதுகு காட்டி, அந்த இருட்டைப் பார்த்தபடி.

மூன்று வாரம் இப்படியே போனது. சாப்பாட்டு டப்பா திறக்காமல் திரும்பும். வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்கிறாளாம், பதில் இல்லையாம். ஒருநாள் அவள் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வீட்ல அவ அம்மா கடைசியா மடிச்சு வச்ச பெட்ஷீட் ஒண்ணு பீரோவுல இருக்குக்கா. யாரையும் தொட விட மாட்டேங்கிறா. பிரிச்சா போயிடுமாம்."

"என்ன போயிடுமாம்?"

"அதச் சொல்ல மாட்டேங்கிறா."

அன்று எல்லோரும் போன பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன். கடவுள் அதை எந்தப் பக்கம் எழுதிக்கொண்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் விரிப்பு ஒவ்வொன்றின் மூலையிலும் வார்டின் நீல முத்திரை இருக்கும். மடித்தால் முத்திரை மேலே தெரிய வேண்டும், நர்ஸ்கள் பார்த்து எடுப்பதற்காக. அவள் அம்மா மட்டும் முத்திரையை உள்ளே மறைத்து மடிப்பாள். நான் திட்டுவேன். அவள் சிரிப்பாள். "இருக்கட்டுங்க்கா. தலைமாட்டுல விரிச்சாலும் முத்திரை கண்ணுல படக் கூடாது. தூங்குற நேரத்துலயாவது ஆஸ்பத்திரி ஞாபகம் வராம இருக்கட்டும்." நோயாளி கண்ணில் அது எப்படியும் படத்தான் செய்யும். ஆனாலும் அவள் மடிப்பை மாற்றவில்லை.

நான் ஒரு விரிப்பை எடுத்து, அவளைப்போல முத்திரையை உள்ளே வைத்து மடித்து, பிள்ளை கைக்கு எட்டும் தட்டில் மேலாக வைத்தேன்.

மறுநாள் அவள் அதைப் பார்த்தாள். மெதுவாக எடுத்தாள். திருப்பினாள். முகத்தை அதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பெரியம்மா, தண்ணி" என்றாள்.

இரண்டு மாதத்தில் நான் கேட்ட முதல் சொல். சொம்பை விளிம்புவரை நிரப்பி நீட்டினேன்.

அதன்பிறகு தினமும் ஒன்று மடித்து வைத்தேன். ராத்திரி ஜெபத்தில், "பிள்ளைக்காகச் சொன்ன பொய், பொறுத்துக்கொள்ளும்" என்று வேண்டிக்கொள்வேன். டப்பா காலியாகத் திரும்ப ஆரம்பித்தது. நீராவிகூட ஒருநாள் அவளிடம், "என்ன மேடம், உங்க பெரியம்மா நல்லவங்களா, நான் நல்லவனா?" என்று கேட்க, அவள் என் பக்கம் விரலைக் காட்டினாள். "அப்பாடா, வாய் வராட்டியும் விரல் வருது" என்றான் அவன்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு நாள் படுத்துவிட்டேன்.

திரும்பி வந்த அன்று அந்தத் தட்டில் கை வைத்தேன். முத்திரை தெரியாத விரிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

ஆறு.

நீராவியிடம் கேட்டேன். "நானா? என் மடிப்பு நாய் படுத்து எந்திரிச்ச மாதிரி இருக்கும், உங்களுக்குத் தெரியாதா?" என்றான். உண்மைதான். பிள்ளை தனியாக மடித்திருக்க முடியாது. ஒற்றை ஆளாகப் பெரியவர்களே அந்த நீளத்தை இப்படிக் கோடு பிசகாமல் மடிப்பது கடினம். இவள் கையை முழுக்க விரித்தாலும் விரிப்பின் பாதி அகலம்கூட வராது. அந்த அளவு விரிப்பை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. இழுத்து ஒரு உதறு, சுருக்கம் போக. பிறகு இருவரும் எதிரெதிரே நடந்து வந்து மூலைகளைக் கைமாற்ற வேண்டும்.

அன்று சாயங்காலம் ஆறேகாலுக்கு முதல் மாடிக்குத் துணி கொடுக்கத் தள்ளுவண்டியோடு போனேன். திரும்பி வரும்போது வண்டியின் சக்கரம் ஒன்று சிக்கிக்கொண்டது. அதை வெளியிலேயே விட்டுவிட்டு, வெறும் காலோடு உள்ளே வந்தேன்.

உதறும் சத்தம் கேட்டது.

காற்றில் துணி அடிக்கும் அந்தச் சத்தம். இருபத்தாறு வருஷமாக நான் கேட்கிற சத்தம். ஒருவர் உதறினால் அது வராது. இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தால்தான் வரும்.

அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் சாம்பலாகிவிட்டிருந்தது. பிள்ளை இடைவழியின் வாயில் நின்றிருந்தாள். கையில் விரிப்பின் இரண்டு மூலைகள்.

விரிப்பு தரையில் தொங்கவில்லை.

அது இருட்டுக்குள் நேராக நீண்டிருந்தது. மறுமுனை ஒரு பெரிய ஆளின் நெஞ்சு உயரத்தில் நின்றது.

அதைப் பிடித்திருந்த கைகள் எனக்குத் தெரியவில்லை. பிடித்த இடத்தில் துணி கசங்கியிருந்தது மட்டும் தெரிந்தது. நாலு விரல் கசங்கல், ஒரு கட்டைவிரல் கசங்கல்.

ஒரு வாடை வந்தது. அவள் அம்மாவின்மேல் எப்போதும் சோப்பு வாடைதான் வரும். இது ரொம்ப நாள் பூட்டிய அறையின் ஈரச்சுவர் வாடை.

பிள்ளை மூலைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மடிக்கிறவர்கள் இருவரும் நடக்க வேண்டும் என்றேனே. மறுமுனை நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. இவள்தான் போனாள். ஒவ்வோர் அடியாக, மூட்டைகளைத் தாண்டி, இருட்டுக்குள்.

அவள் வெள்ளைச் சட்டை மங்கிக்கொண்டே போனது.

"மிளகு!"

அம்மா தவிர யாரும் கூப்பிடாத பெயர். எப்படி என் வாயில் வந்ததோ. ஓடிப்போய் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். விரிப்பு தரையில் விழுந்தது. உடனே விழவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்ததுபோல் இருந்தது.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு கையும் ஐஸாக இருந்தன.

"கண்ணு, நான் சொல்றதக் கேளு. அது அம்மா இல்ல. அந்த பெட்ஷீட்ட எல்லாம் நான்தான் மடிச்சு வச்சேன். உன்ன ஏமாத்திட்டேன். மன்னிச்சுக்க."

அவள் என்னைப் பார்த்தாள்.

"தெரியும் பெரியம்மா. மொத நாளே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அம்மா இடது கை. அம்மா மடிச்சா மடிப்போட தொறந்த வாய் இந்தப் பக்கம் இருக்கும்." இடக்கையைக் காட்டினாள். "நீங்க மடிச்சது அந்தப் பக்கம் இருந்துச்சு. முத்திரைய மட்டும் உள்ள வச்சீங்க. எனக்காகத்தான் வச்சீங்கன்னு தெரியும். அதான் தண்ணி கேட்டேன்."

பதினோரு வருஷம் பக்கத்தில் நின்றும் நான் கவனிக்காததை ஒன்பது வயசு கவனித்திருக்கிறது. பொய்யால் அவள் தேறவில்லை. ஒருத்தி தனக்காக மெனக்கெட்டாள் என்பதுதான் அவளை வாய் திறக்க வைத்திருக்கிறது.

பிறகு மெல்ல ஒரு நினைப்பு வந்து என் முதுகைத் தொட்டது. எழுந்து போய் அந்த ஆறு விரிப்புகளையும் எடுத்துப் பார்த்தேன்.

ஆறின் வாயும் வலப்பக்கம்.

இருட்டில் நின்ற அது, மடிப்பை அவள் அம்மாவிடம் கற்றதில்லை. என்னிடம் கற்றது. எல்லோரும் போனபின் நான் தனியாக நின்று மடித்ததை, பின்னாலிருந்து தினமும் பார்த்துக் கற்றது. என் தவறோடு சேர்த்து.

"அப்ப அது யாரு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியல. பேசாது. அதுக்கு யாருமே இல்ல போல."

"பயமா இல்லையா?"

"அங்க கடைசில அம்மா இருப்பாங்கன்னு நெனச்சேன்." குரல் தேய்ந்தது. "மொத நாள் ரெண்டு அடி போனேன். இன்னிக்கிப் பதினொண்ணு."

நீராவியிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மூட்டை தூக்க அங்க போவேன்ல, எனக்கு மூட்டை லேசா இருக்கும்க்கா. யாரோ அந்தப் பக்கம் ஒரு கை கொடுக்குற மாதிரி. வெளிய சொன்னா குடிச்சிருக்கான்னு சொல்வீங்க."

"நீ குடிக்கிறவன்தானேடா?"

"அது வேற" என்றான்.

பிள்ளையை வேறு எங்கும் அனுப்ப இடமில்லை. இடைவழியை அடைத்துத் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கட்டடத்தைப் பார்க்கிற அதிகாரி தாளை வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கு மந்திரம் தெரியாது. ஜெபம் தெரியும், மடிப்பு தெரியும். எனவே ஒன்று மட்டும் முடிவு செய்தேன். இந்தப் பிள்ளை கையில் ஒரு முனை இருந்தால், மறுமுனையில் உயிருள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும். ஒருநாளும் காலியாக விடக் கூடாது.

பகலில் மடிக்க வேண்டியதில் பாதியை அவளுக்காக மிச்சம் வைத்தேன். நாலேகாலுக்கு வந்ததும் ஆளுக்கு இரண்டு மூலை. ஐந்து மணி டீ நேரத்தில் லிஃப்டை இன்னொருவரிடம் விட்டுவிட்டு அவள் அப்பா இறங்கி வருவார். முதல் நாள் அவர் மூலைகளைப் பிடித்துக்கொண்டு நட்ட கம்பம் மாதிரி நின்றார்.

"நடந்து வாங்க. பொத்தான் அமுக்கினா வந்துடுமா?" என்றேன். "ரெண்டு பேரும் நடக்கணும். ஒருத்தர் மட்டும் நடந்தா அது மடிக்கிறது இல்ல, இழுக்குறது."

அவர் தடுமாறி நடந்து வந்து விரிப்பை மிதித்துவிட்டார். பிள்ளை சிரித்தாள். சத்தமாக இல்லை. மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. அவர் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

துக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. நல்ல நாளொன்று வரும், பின்னாலேயே இரண்டு மோசமான நாள். மறுபடி டப்பா திறக்காமல் வரும். ஒருநாள் பள்ளியில் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளிவிட்டாள் என்று புகார் வந்தது. அவள் அப்பா வெட்கப்பட்டார், நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன், காரம் திரும்புகிறது. இன்னொரு நாள் மூலையைப் பிடித்தபடியே அழுதாள். அம்மா போனதிலிருந்து முதல் அழுகை.

"இன்னிக்கி மத்தியானம் வரைக்கும் அம்மா ஞாபகமே வரல பெரியம்மா."

"அதுக்கா அழற? அம்மா உன்னக் கொஞ்ச நேரம் வெளையாட விட்டிருக்கா, அவ்வளவுதான்" என்றேன்.

அந்த மாதங்கள் முழுவதும், ஆறு மணி தாண்டினால் இடைவழியின் வாயில் மூட்டையிலிருந்து ஒரு விரிப்பின் முனை நெஞ்சு உயரத்துக்கு எழும். காத்திருக்கும். நாங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் மடிப்போம். கொஞ்ச நேரத்தில் அது தானாகத் தாழ்ந்துவிடும். சத்தமில்லாமல் அது தாழும் விதம் இருக்கிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடாது.

மறுவருஷ மழை தொடங்கியபோது அவள் பிளாஸ்டிக் பையில் ஒன்றைக் கொண்டுவந்தாள். பீரோவில் இருந்த அந்த விரிப்பு. முத்திரையெல்லாம் இல்லை, வீட்டு விரிப்புதான். மடிப்பின் வாய் இடப்பக்கம்.

"பிரிக்கலாமா?" என்றாள்.

"உன் இஷ்டம் கண்ணு."

நானும் அவளும் பிடித்துப் பிரித்தோம். மடிப்புக் கோடுகளில் பழுப்பு படிந்திருந்தது. வேறொன்றும் இல்லை. எதுவும் போகவில்லை, எதுவும் வரவும் இல்லை. அவள் அதை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவள் அப்பா வாசலில் நின்று அழுதார். நீராவி பாய்லரை ஓங்கி ஓட்டினான், சத்தம் வெளியே போகாமல் இருக்க.

பிறகு அதைத் துவைத்து, உலர்த்தி, மடித்தோம். அவள் இடக்கையை மேலே வைத்தாள். எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். எதிரெதிரே நடந்து வந்து, கை கையைத் தொட்டு, மூலை மாற்றினோம். மடிப்பின் வாய் இடப்பக்கம் வந்தது.

அப்போது இடைவழிக்குள்ளிருந்து ஓர் உதறல் கேட்டது.

ஒன்றே ஒன்று. ஒருபக்கம் பிடிக்க ஆளில்லாத, சத்தம் முழுதாக வராத உதறல்.

பிள்ளை இருட்டின் பக்கம் போனாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் மேலே நடக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, பக்கத்துவீட்டுப் பிள்ளையிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள்:

"நான் இனிமே வர மாட்டேன். ஒனக்கும் யாராவது வருவாங்க."

அதன்பிறகு நான் வேலையில் இருந்தவரை இடைவழியில் எந்த முனையும் எழவில்லை. மூட்டை மூட்டையாகவே கிடந்தது. நீராவி மட்டும், "இப்பல்லாம் மூட்டை கனக்குதுக்கா" என்று ஒருநாள் சொன்னான். அவனும் நாலு வருஷத்தில் போய்ச் சேர்ந்தான்.

இப்போது மிளகுக்கு இருபத்து மூன்று வயது. வேறு ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கிளம்பும்போது உபயோகத்துக்கு இருக்கட்டும் என்று பழைய விரிப்பு நான்கைக் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரே ஓர் அறை. நாளெல்லாம் பேச ஆளில்லை. மொட்டைமாடியிலிருந்து உலர்ந்த விரிப்பைக் கொண்டுவந்து, ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாக மடிப்பேன். கோணலாகத்தான் வரும்.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு சாயங்காலம், தாடையில் இடுக்கப் போன விரிப்பின் கனம் குறைந்தது.

மறுமுனை எழுந்து நின்றது. அறை வாசலில், நெஞ்சு உயரத்தில்.

ஈரச்சுவர் வாடை.

நான் நகரவில்லை. ஜெபம் சொன்னேன். அது நின்றது, நான் நடந்து வருவேன் என்று காத்துக்கொண்டு. பிறகு தாழ்ந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். நான் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. பதினோரு அடி என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நேற்று போனில் மிளகு கேட்டாள்.

"பெரியம்மா, முதுகுவலியோட பெட்ஷீட்ட எல்லாம் யாரு மடிக்கிறா?"

"நான்தான்டி."

"தனியாவா?"

"தனியாத்தான்."

பிள்ளைக்காக நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

போனை வைத்துவிட்டு விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்தேன். வாசலில் மறுமுனை எழுந்தது. கசங்கல் தெரிந்தது, நாலு விரல், ஒரு கட்டைவிரல். என்னையறியாமல் இழுத்துப் பிடித்து உதறினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் முழுதாகக் கேட்டது.

என் கால் நகரவில்லை. ரொம்ப நேரம் இருவரும் அப்படியே நின்றோம்.

ரெண்டு பேரும் நடக்கணும் என்று லிஃப்ட்காரருக்கு அன்று நான் சொல்லிக்கொடுத்தபோது, பின்னாலிருந்து அதுவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

விரிப்பின் நடுப்பகுதி மெல்லத் தொய்ந்தது.

அது என்னை நோக்கி ஓரடி எடுத்து வைத்தது.